லீவு விட்டாச்சு

(பொதுக்காலம் 17ஆம் ஞாயிறு. வாசகங்கள்: தொடக்க நூல் 18:20-32; கொலோசையர் 2:12-14; லூக்கா 11:1-13)

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நம் கோயில் வராந்தாவில் உட்கார்ந்து ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. வீட்டில் கரண்ட் இல்லையாம். மறைக்கல்விப் பரிசாக நான் கொடுத்திருந்த சின்ன ஆங்கில விவிலியம் மடியில் இருந்தது. யோவான் நற்செய்தியில், கடைசி இரவில் இயேசு தம் அமைதியைச் சீடர்களுக்குத் தந்துவிட்டுப் போவதாகச் சொல்லும் இடம். ஆங்கிலத்தில் அங்கே 'லீவ்' என்ற சொல் வரும். பிள்ளை அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைக் கேட்டது: "சாமி, இதுல அமைதிக்கு லீவுன்னு போட்ருக்கு. அப்ப சண்டை போடலாமா?"

சிரித்துவிட்டு உள்ளே போனேன். ராத்திரி படுத்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

நம் பக்கம் லீவு என்ற சொல் இல்லாமல் ஒரு நாள் போகாது. மேகம் கறுத்தால் பள்ளிக்கூடம் லீவு. தீபாவளி முடிந்தால் வெடி ஆபீஸ் லீவு. பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். விடியற்காலையில் தூக்குச்சட்டியோடு ரோட்டோரம் வேனுக்காக நிற்கிற அம்மாமாருக்கு அன்றைக்குக் கூலி இல்லை என்று அர்த்தம். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, தீபாவளிக்கு இரண்டு மணி நேரம்தான் வெடிக்கலாம் என்றார்கள். அந்தத் தீபாவளிக்கு லீவு விட்ட ஆபீஸ்கள் மாதக்கணக்கில் திறக்கவே இல்லை. நான் அப்போது சிவகாசிப் பக்கம் இருந்தேன். "லீவு எப்ப சாமி முடியும்?" என்று பூசை முடிந்து வந்து கேட்பார்கள். ஜெபியுங்கள் என்று சொல்லி அனுப்புவேன். மளிகைக் கடைக்காரர் என்ன சொல்லி அனுப்பினார் என்று நான் கேட்டதில்லை.

பிள்ளையின் கேள்விக்குப் பதில் தேடி அகராதியைப் புரட்டினேன். ஆங்கிலத்தில் இது ஒரே சொல் மாதிரித் தெரிந்தாலும் உண்மையில் இரண்டு பழைய சொற்கள் ஒரே உச்சரிப்பில் வந்து ஒட்டிக்கொண்டவை. நாம் லீவு என்று கடன் வாங்கிய பெயர்ச்சொல்லுக்கு ஆதிப் பொருள் அனுமதி. அன்பைச் சொல்லும் 'லவ்' என்ற சொல்லுக்கு அது தூரத்துச் சொந்தம். வினைச்சொல் வேறு வீட்டுப் பிள்ளை. 'மிச்சம் வை', 'இருக்கும்படி விடு' என்பதுதான் அதன் பழைய பொருள். தாத்தா இரண்டு ஏக்கர் விட்டுப்போனார் என்கிறோமே, அந்த விடுதல். உதறிவிட்டுப் போவது, கைகழுவிவிட்டுப் போவது எல்லாம் அதன்மேல் பிறகு ஏறியவை. அதனால் பாப்பா, முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாய் என்று தெரியும், அமைதிக்கு விடுமுறை இல்லை. நம் பெயருக்கு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சண்டை போட முடியாது.

ஆங்கிலத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நம்மிடம் 'விடு' இருக்கிறதே! நேற்று முழுக்க அந்த ஒரு சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தேன். பேருந்தில் நடத்துநர் ஆள் ஏறியதும் "விடுண்ணே" என்றார், வண்டி கிளம்பியது. டீக்கடையில் இரண்டு பேர் குரல் உயர, மூன்றாமவர் "விடப்பா" என்றார், பேச்சு நின்றது. ஒரே சொல் ஒன்றைக் கிளப்பியது, இன்னொன்றை நிறுத்தியது. மருந்துக்கடை வாசலில் ஒரு பாட்டி பேரனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆடி மாதம் அல்லவா, மஞ்சள் துணியும் வேப்பிலையுமாக இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் நம் கோயில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். கிடா நேர்ந்து விட்டிருக்கிறோம் என்றார் அதில் ஒருவர். சாமிக்கென்று நேர்ந்து விட்டால் அது இனி உன்னுடையது இல்லை. ஆனால் நீ அதை ஊர்மேல் விரட்டிவிடவும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்தவர்களுக்குத் தெரியும், விடு என்ற வினையே நீண்டு வீடு ஆகிறது. ஓடு வேய்ந்ததும் வீடு, அறம் பொருள் இன்பத்துக்கு அப்பால் இருப்பதும் வீடு. காமநாயக்கன்பட்டியில் நம் மக்களோடு இருந்த வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதி செய்தபோது, ஒரு சொல்லுக்குள் இத்தனை பேர் குடியிருப்பதைப் பார்த்து அந்த இத்தாலிக்காரர் மலைத்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

இதில் ஒரு விடுதலைப் பற்றி மட்டும் எனக்கு வருத்தம் உண்டு. உங்களில் நாற்பது ஐம்பது வயதைத் தாண்டிய பலரைப் பற்றி வீட்டில் சொல்வார்கள், "அவ அஞ்சாப்போட படிப்ப விட்டுட்டா." தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கப் போன பிள்ளை தானாகவா விட்டது? 1996 டிசம்பர் 10 அன்று, சிவகாசித் தீப்பெட்டிப் பிள்ளைகளை வைத்து எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி அந்தக் குழந்தைக்காக 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பின் கணக்கில் விட்டவர் யார் என்பது தெளிவாக இருக்கிறது. வீட்டுப் பேச்சில்தான் இன்னும் பழியை அந்தப் பிள்ளைமேல் வைத்திருக்கிறோம்.

சரி, நற்செய்திக்கு வருவோம். சீடர் ஒருவர் ஜெபிக்கச் சொல்லித்தரும்படி கேட்கிறார். ஆண்டவர் சொல்லித்தந்த ஜெபத்தின் நடுவில் மன்னிப்பு வருகிறது. நம் பாட்டிமார் சொன்ன பழைய வடிவத்தில் 'பொறுத்தல்' என்று இருந்தது, இப்போது 'மன்னித்தல்' என்கிறோம். கிரேக்க மூலத்தில் அங்கே இருப்பது 'அஃபியெமி' என்ற வினை. குருமடத்தில் படித்த கிரேக்கம் முக்கால்வாசி எனக்கு மறந்துபோயிற்று. மறக்காத சொற்களில் இது ஒன்று. இதன் நேர்ப்பொருள், விடு.

இந்த ஒரு சொல் நற்செய்திகளில் எங்கெல்லாம் போய் நிற்கிறது என்று பாருங்கள். சீமோனும் அந்திரேயாவும் வலைகளை விட்டார்கள். சீமோனின் மாமியாருக்குக் காய்ச்சல் விட்டது. மருந்துக்கடைப் பாட்டி சொன்ன அதே விடுதல். சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்னார். கட்டுகளோடு வெளியே வந்த லாசரை அவிழ்த்துப் போகவிடச் சொன்னார். ஒலிவத் தோட்டத்தில் சீடர் எல்லாரும் அவரை விட்டு ஓடினார்கள். மத்தேயுவில் அவர் சிலுவையில் உயிரை விட்டதற்கும் இதுதான் சொல். கிணற்றடியில் குடத்தை விட்டுவிட்டு ஊருக்குள் ஓடிய சமாரியப் பெண்ணுக்கும் இதே சொல். அவளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இருக்கன்குடிக் கதையும் கூட வரும். அர்ச்சுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் நடுவில், சாணம் பொறுக்கிய சிறுமி ஒருத்தி கூடையை இறக்கி வைத்தாளாம், திரும்பத் தூக்கினால் கூடை வரவில்லையாம். அங்கே தோண்டித்தான் அம்மனை எடுத்தார்கள் என்று நம் அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். அது அவர்கள் வீட்டு நம்பிக்கை, நான் அதில் கைவைக்கவில்லை. அன்றாடம் சுமந்ததை ஒரு நாள் கீழே விட்டவர்கள் இரண்டு பேருமே பெண்பிள்ளைகள் என்பதுதான் என் மனதில் நிற்கிறது.

ஆக, வலையை விட்டதும், ஆண்டவரை விட்டு ஓடியதும், பாவத்தை மன்னித்ததும் ஒரே வினை. எதை விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. லூக்காவைக் கூர்ந்து கேட்டிருந்தால் கவனித்திருப்பீர்கள். முதல் பாதியில் பாவம் என்கிறார், அடுத்த பாதியில் நாம் மன்னிக்க வேண்டிய ஆளைச் சொல்லும்போது கடன்பட்டவர் என்று மாற்றிவிடுகிறார். இரண்டாம் வாசகத்தில் பவுலும் கடன் பத்திரத்துக்கே வருகிறார். அங்கே கிரேக்கத்தில் உள்ள சொல்லுக்குக் கையால் எழுதியது என்று பொருள். நம் பாஷையில் புரோநோட்டு. ஆபீஸில் அட்வான்ஸ் வாங்கியவர்களுக்கும் குழு லோனுக்குக் கையெழுத்துப் போட்டவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. கடவுள் அந்த நோட்டைச் சிலுவையில் வைத்து ஆணியடித்துவிட்டார் என்கிறார் பவுல். அடுப்பில் போட்டிருந்தால் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். இது ஊர் பார்க்கத் தொங்குகிறது.

இதை வாசிக்கும்போது எனக்கு ஒரு பெரியவர் நினைவு. ஊர் சொல்ல மாட்டேன், நம் ஊர் இல்லை. அவருக்கும் உடன்பிறந்த தம்பிக்கும் பேச்சு விட்டு பதினொரு வருஷம். தம்பி மோட்டார் வாங்கக் கைமாற்றாக வாங்கிய பணம். வீடு மந்திரிக்கப் போயிருந்தபோது, பேச்சு அந்தப் பக்கம் திரும்பியதும், சட்டைப்பையில் கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். அதற்குள் நாலாக மடித்த புரோநோட்டு. மடிப்பு தேய்ந்து கிழிந்த இடங்களில் செல்லோடேப் ஒட்டியிருந்தது, டேப்பும் பழுத்து மஞ்சளாகிவிட்டது. ரெவின்யூ ஸ்டாம்புமேல் தம்பியின் கோணல் கையெழுத்து. புரோநோட்டுக்கு மூன்று வருஷம்தான் உயிர் என்று அவருக்கே தெரியும். "பணத்த என்னைக்கோ விட்டுட்டேன் சாமி" என்றார். அப்போ இந்தத் தாள் எதுக்கு என்றேன். "அது இருக்கட்டும்" என்று மறுபடி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வைக்கும்போது அந்தக் கை அவ்வளவு பத்திரமாக வைத்தது.

தம்பியை விட்டுவிட்டார், பணத்தையும் விட்டுவிட்டார், தாளை மட்டும் விடவில்லை. ஆண்டவர் சொல்லித்தந்த விடுதலை நாம் இப்படித்தான் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம். கடனை விட்டு ஆளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நாம் ஆளை விட்டுவிட்டுக் கடனைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

இங்கே ஒன்றை நிறுத்திச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இந்த மறையுரை யாரோ ஒரு பெண்ணின் தலையில் போய் விடியும். குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷனைப் பற்றிச் சொல்லி அழுகிறவளிடம், "விட்டுக்கொடுத்துப் போம்மா" என்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்தே சொல்லியிருக்கிறேன். தப்பு. வெடி ஆபீஸில் மருந்து அறை எப்படிக் கட்டுகிறார்கள் என்று எனக்குச் சொல்லித்தந்தவர்களே நீங்கள்தான். ஓர் அறைக்கு நாலு பேருக்குமேல் கூடாது, ஒரு கதவுக்கு இரண்டு கதவு, தள்ளினால் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், வாசலில் எதுவும் அடைத்து வைக்கக் கூடாது. உராய்வு தட்டினால் கையில் இருப்பதைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓட வேண்டும். ஓடுகிறவரை யாராவது பொறுமையில்லாதவர் என்பார்களா? அடி விழுகிற வீட்டுக்கும் வெளிப்பக்கம் திறக்கிற கதவு வேண்டும். மன்னிப்பதை அவள் வெளியே போய் நின்று செய்துகொள்ளட்டும்.

முதல் வாசகத்தில், அழியப்போகும் ஊருக்காக ஆபிரகாம் கடவுளிடம் பேரம் பேசுகிறார். ஐம்பது நல்லவர்கள் இருந்தால் என்று தொடங்கிப் பத்துவரை இறக்குகிறார், சாத்தூர்ச் சந்தையில் வெள்ளரிக்காய் வாங்குவது மாதிரி. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் கடவுள் அங்கே ஊரை விட்டுவிடுவேன் என்று சொல்வதும் இதே அஃபியெமிதான். அடுத்த அதிகாரத்தில் பத்துப் பேர்கூடத் தேறாமல் ஊர் எரிகிறது. லோத்தின் மனைவி திரும்பிப் பார்க்கிறாள், உப்புத் தூணாகிறாள். அவளை வைத்து எத்தனையோ பேர் பிரசங்கம் செய்துவிட்டார்கள். எனக்கு மனசு வருவதில்லை. 2021 பிப்ரவரி 12 அன்று, சாத்தூருக்கு அந்தப் பக்கம் அச்சன்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்களை வெடி விபத்து கொண்டுபோனதே, அதன் பிறகு அந்த வழியாகப் போகும் எந்த வேனில் எந்தப் பெண் திரும்பிப் பார்க்காமல் போயிருப்பாள்?

சாவு வீட்டில் நம் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழும்போது முதலில் வருகிற வாக்கியம் ஒன்று இருக்கிறது. என்னை விட்டுட்டுப் போயிட்டியே. பூசைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும்போது அந்த வாக்கியத்துக்கு எதிரில் நான் சொல்ல வைத்திருக்கிற ஆறுதல் எல்லாம் தொண்டையிலேயே நின்றுவிடும். ஆண்டவரும் அதைத்தான் கதறினார், 22ஆம் திருப்பாடலின் முதல் அடியை எடுத்து. 'சபக்தானி' என்று அரமேயத்திலேயே நற்செய்தியில் நிற்கிறது, மாற்குவுக்கு அதை மாற்ற மனம் வரவில்லை போலும். அந்தச் சொல்லின் வேர் ஷ-ப-க். பொருள், விடு.

அரமேயத்தின் ஒரு கிளைதான் சிரியாக் மொழி. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் நம் சகோதரர்கள் நூற்றாண்டுகளாக வழிபாட்டில் பாடிவருகிற மொழி அது. இன்று நாம் கேட்ட ஆண்டவர் கற்பித்த ஜெபத்தைச் சிரியாக்கில் சொல்லும்போது, மன்னித்தருளும் என்ற இடத்தில் வருவதும் அதே ஷ-ப-க் வேர்தான். இதைக் குருமடத்தில் ஒரு பேராசிரியர் கரும்பலகையில் இரண்டு வரியாக எழுதிக் கீழே கோடு போட்டுக் காட்டிவிட்டு, ஒன்றும் விளக்காமல் வகுப்பை முடித்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் கோபம். இப்போது நானும் அப்படியே விட்டுவிடலாமா என்று பார்க்கிறேன். ஆனாலும் ஒரு வார்த்தை. நம் கடனை விடச் சொல்லிக் கேட்பதற்கு எந்த வினையைக் கற்றுத்தந்தாரோ, அதே வினையால் தாம் விடப்பட்டதைச் சொல்லி அழுதிருக்கிறார். நோட்டு அடிக்கப்பட்ட மரமும் அவர் அடிக்கப்பட்ட மரமும் ஒன்றுதானே.

விட்டவர்களைப் பற்றியே பேசுகிறோம், விடப்பட்டவர்கள் பக்கம் போவதில்லை. ஓரியூர் அருளானந்தர் கதையை அப்படித்தான் சொல்லி வளர்த்தார்கள். தடியத் தேவர் அவர் போதனையைக் கேட்டு ஞானஸ்நானம் பெற்று முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டார், மற்ற மனைவியரை விட்டுவிட்டார். அதில் ஒருத்தி மன்னர் சேதுபதியின் உறவுப் பெண். அவள் போய் மன்னரிடம் முறையிட்டாள். 1693 பிப்ரவரி 4 அன்று சாமியின் தலை விழுந்தது. நாடகத்தில் அவளுக்குக் கறுப்புச் சேலை கட்டி, பல்லைக் கடித்துப் பேச வைப்போம். புனிதர்மேல் எனக்குள்ள பக்தி குறையவில்லை. ஆனால் ஒரு நாள் காலையில் விடப்பட்ட அந்தப் பெண் எங்கே போய் அழுதிருப்பாள் என்று நம் நாடகத்தில் ஒரு காட்சிகூட இல்லை.

நடுச்சாமத்தில் வந்து கதவைத் தட்டும் நண்பன் கதையை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள், அதற்குத்தான் வருகிறேன். போன வருஷம் ஆடி கடைசி வெள்ளிக்கு முந்தின ராத்திரி. பதினொன்றரை இருக்கும். கேட்டைத் தட்டுகிற சத்தம். ஜன்னலில் பார்த்தால் இருக்கன்குடிக்கு நடக்கிறவர்கள், ஓர் ஆளும் ஒரு பெண்ணும், தோளில் ஒரு குழந்தை. "ஐயா, தண்ணி." நான் கண் அசந்த நேரம், மறுநாள் காலை ஐந்து மணிக்குப் பூசை, தெருக்குழாய் பத்தடியில்தான் இருக்கிறது என்று எனக்குள்ளேயே நியாயம் சொல்லிக்கொண்டு விளக்கைப் போடாமல் படுத்திருந்தேன். உவமையில் வருகிறவனாவது உள்ளிருந்து பதில் சொன்னான். நான் மூச்சு விடவில்லை. குழாயில் அன்றைக்குத் தண்ணீர் வரவில்லை என்று எனக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுக் கொண்டி திறக்கிற சத்தம் கேட்டது. நம் கோயில்பிள்ளை வீட்டு அம்மா. வந்தவர்கள் யார் என்று கேட்கவில்லை, எந்தச் சாமிக்குப் போகிறார்கள் என்று கேட்கவில்லை. "புள்ளைக்கு காலு கொப்புளிச்சிருக்கே" என்ற குரல் மட்டும் கேட்டது. விடிந்து நான் பூசைக்கு வெளியே வந்தபோது அவர்கள் போய்விட்டிருந்தார்கள். அந்த வீட்டுத் திண்ணையில் எவர்சில்வர் செம்பு ஒன்றைக் கழுவிக் கவிழ்த்து விட்டுப் போயிருந்தார்கள், பக்கத்தில் கொஞ்சம் வேப்பிலையும் ஒரு எலுமிச்சம்பழமும். அந்த அம்மா பழத்தை எடுத்து எனக்கே சர்பத் போட்டுக் கொண்டுவந்தார். ராத்திரி நான் முழித்திருந்தது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை, அவரும் காட்டிக்கொள்ளவில்லை.

அந்தச் செம்பைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். வருகிற வியாழன் சாயங்காலம் முதல் நம் கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டு, மோரும் பானைத் தண்ணீரும் வைக்க இளையோர் ஏற்பாடு செய்கிறார்கள். ராத்திரி முறைக்கு ஆள் போதவில்லை. பதினொன்றிலிருந்து மூன்றுவரை நான் இருக்கிறேன். ஆபீஸ் லீவு உள்ளவர்கள் யாராவது இரண்டு பேர் கூட வந்தால் பானை தூக்க வசதியாக இருக்கும். பூசை முடிந்ததும் கோயில்பிள்ளையிடம் பெயர் கொடுங்கள். இப்போது எழுந்து நின்று நம்பிக்கை அறிக்கை சொல்வோம்.